துரு தொடங்கும் இடம்: வீட்டில் செய்த டிரெய்லருக்கு பிரைமரும் பெயின்டும்

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைக்கோ வெலிமடைக்கோ போகும் வழியில், லீக்ஸும் கரட்டும் ஏற்றிய லேண்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர டிராக்டர்) ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டால், முந்திப்போக அவசரப்படாமல் அதன் டிரெய்லரைக் கொஞ்சம் கவனியுங்கள். பக்கத் தகடுகளின் நடுப்பகுதியில் பெயின்ட் இன்னும் நிறத்தோடு இருக்கும். துரு வழிவது மேல்விளிம்பு அங்கிள் அயனின் கூர்மையிலிருந்து, வெல்டிங் தையலிலிருந்து, போல்ட் தலைக்கு அடியிலிருந்து. குனிந்து பார்த்தால், அடித்தகடு குறுக்குச் சட்டத்தின்மேல் உட்காரும் இடுக்கில் அது அடுக்கடுக்காகப் பொருமி நிற்கும். பத்து டிரெய்லரைப் பார்த்தாலும் இதே இடங்கள்தான். கம்பனி மாறும், நிறம் மாறும், அடித்த ஆள் மாறுவார். துரு பிடிக்கும் இடம் மாறாது.

ஹார்ட்வெயாருக்குப் போய் "எந்தப் பெயின்ட் நல்லது?" என்று கேட்பதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். 2022இன் நெருக்கடிக்குப் பிறகு இரும்பும் பெயின்டும் விற்கும் விலையில், தோட்டக்காணி வைத்திருக்கும் ஒரு குடும்பம் சொந்தமாக டிரெய்லர் செய்துகொள்வது சின்னக் காரியமல்ல. அது மூன்று வருடத்தில் அடித்தகடு ஓட்டையாகி நிற்பதைப் பார்க்க மனம் கேட்காது.

எங்கள் வீட்டு டிரெய்லரை மச்சான் ஒரு பட்டறையில் நின்று செய்வித்தார். புதுத் தகடு, கொஞ்சம் பழைய பொக்ஸ் பார் (சதுரக் குழாய்). ஆடி மாதம், தலவாக்கலையில் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், காலையில் ஒரு கோட் அன்டி கொரோசிவ் (துருவைத் தடுக்கும் பிரைமர்), மத்தியானம் இன்னொன்று, சாயங்காலம் எனாமல் என்று ஒரே நாளில் வேலையை முடித்தோம். தைப்பொங்கல் வருவதற்குள் பக்கத் தகட்டில் பெயின்ட் விரல்நகம் அளவுக்கு உரிந்து வந்தது. உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தபோது அதன் முதுகில் நீலக்கருப்பாக, கண்ணாடிபோல வழவழப்பான ஒரு படலம் ஒட்டியிருந்தது. எங்கள் பிழை முழுவதும் அந்தத் துண்டில் இருந்தது.

நீலக்கருப்புத் தோல்

புதுத் தகடும் அங்கிள் அயனும் கடையிலிருந்து வரும்போது இருக்கும் அந்த நிறம் இரும்பின் நிறமல்ல. சிவக்கக் காய்ச்சி உருளைகளுக்கிடையில் இழுக்கும்போது இரும்பு காற்றோடு சேர்ந்து உண்டாகும் ஒட்சைட்டுப் படலம் அது. மில் ஸ்கேல் என்பார்கள். பார்க்கக் கெட்டியாக இருப்பதால், "கம்பனியிலேயே பொலிஷ் போட்டு வந்திருக்கு, அதைச் சுரண்டாதீங்க" என்று சொல்பவர்களும் உண்டு. அது தவறு. இந்தப் படலம் இரும்போடு சேர்ந்து விரிவதுமில்லை, வளைவதுமில்லை. தகட்டை மடிக்கும்போதும் வெல்டிங் சூட்டிலும் மயிரிழை வெடிப்புகள் விழும். அவற்றுக்குள் ஈரம் இறங்கியதும் ஒரு சின்ன மின்கலம் உருவாகிறது. படலம் ஒரு முனை, வெறும் இரும்பு மறுமுனை. கரைவது இரும்புதான். வெடிப்பு மிகச் சிறிது, சுற்றியுள்ள படலம் பெரிது என்பதால் அந்தச் சிறு இடத்தில் அரிப்பு ஆழமாக இறங்கும். இரும்பு துருவாகும்போது பல மடங்கு இடம் கேட்கும். அது படலத்தைத் தூக்கும், படலம் தன்மேல் இருக்கும் பெயின்டையும் சேர்த்துத் தூக்கும். மேலே எவ்வளவு விலை உயர்ந்த எபொக்சி இருந்தாலும் அது ஒட்டியிருப்பது இரும்பில் அல்லவே.

இதை நீக்க மிகச் சிறந்த வழி மணல்போன்ற துகள்களை அழுத்தக் காற்றில் அடிக்கும் பிளாஸ்டிங். நம் பக்கத்துப் பட்டறைகளில் அது எளிதில் கிடைக்காது. கிடைப்பது கிரைண்டர். அதில் கம்பி வட்டு போட்டால் மில் ஸ்கேல் மினுங்குமே தவிரப் போகாது. அடுக்கடுக்காக சாண்ட் பேப்பர் இதழ் வைத்த ஃபிளாப் டிஸ்க் போட்டு, நீலம் போய் வெள்ளி நிறம் தெரியும் வரை எடுக்க வேண்டும். ஒரு ஆறடி டிரெய்லருக்கு ஒரு முழுநாள் வேலை. கண்ணாடி, காதுமூடி, முகமூடி இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. அந்தக் காலத்தில் பாலத்துக்கும் கப்பலுக்கும் வந்த இரும்பை மாதக்கணக்கில் வெளியில் போட்டுத் துருப்பிடிக்க விட்டு, ஸ்கேல் தளர்ந்த பின் சுரண்டிப் பெயின்ட் அடித்தார்கள். மழைக்குக் குறைவில்லாத நமக்கு அது ஆசைகாட்டும் வழிதான். ஆனால் துருவின் குழிகளுக்குள் தங்கும் உப்பை எடுக்க முடியாது என்பதால் நான் அதைச் சொல்லமாட்டேன்.

ஸ்கேலை எடுப்பது மட்டும் வேலையல்ல. தகட்டில் உருளை எண்ணெய் இருக்கும். வெல்டிங் தையலின் ஓரத்தில் வெல்டிங் கூரின் (குச்சியின்) பூச்சுச் சாம்பல் இருக்கும். அந்தச் சாம்பலில் காரத்தன்மை உண்டு. எண்ணெய் அடிப்படையிலான பெயின்டை அது சவர்க்காரமாக்கிவிடும். தையல் மட்டும் முதலில் உரிவதற்கு அதுவும் ஒரு காரணம். உளியால் கசடைத் தட்டி, சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, கடைசியில் சுத்தமான துணியில் தின்னர் தொட்டுத் துடைக்க வேண்டும். எண்ணெயைத் துடைத்த பிறகுதான் கிரைண்டர். முதலில் கிரைண்டர் பிடித்தால் எண்ணெயை இரும்பின் கீறல்களுக்குள் நாமே தேய்த்து இறக்குகிறோம்.

பழைய பொக்ஸ் பாரில் ஏற்கெனவே பெயின்ட் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. இலங்கையில் பெயின்டில் கலக்கும் ஈயத்துக்குச் சட்டப்படி வரம்பு வந்தது 2013இல்தான். அதற்கு முந்திய பெயின்டை உலர்ந்தபடி கிரைண்டரால் தேய்த்தால் ஈயத்தூள் முற்றமெங்கும் படியும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அது மிக ஆபத்து. நனைத்துச் சுரண்டி, தூளைக் கூட்டி எடுத்துவிடுங்கள்.

மலையில் கடல் இல்லை, உப்பு இருக்கிறது

திருகோணமலையிலோ கொழும்புக் கரையிலோ இரும்பு ஏன் சீக்கிரம் கெடுகிறது என்று கேட்டால் எல்லாருக்கும் பதில் தெரியும்: உப்புக்காற்று. ஹட்டனிலும் நானுஓயாவிலும் கடல்காற்று இல்லை. பிறகு ஏன்?

முதற் காரணம் ஈரம் தங்கும் நேரம். மழையின் அளவு அவ்வளவு முக்கியமல்ல. இரும்பு ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் நனைந்தே இருக்கிறது என்பதுதான் கணக்கு. காற்றின் ஈரப்பதன் 80 சதவீதத்தைத் தாண்டினாலே, மழை பெய்யாவிட்டாலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் இரும்பின்மேல் இருக்கும். வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் அவ்வளவு இல்லை. ஆனால் பனிமூட்டமும் இரவுக் குளிரும் காலைப் பனித்துளியும் சேர்ந்து இரும்பைக் காயவிடுவதில்லை. கீழ்நாட்டில் அரைமணியில் காயும் தகடு இங்கே மத்தியானம் வரை ஈரமாக நிற்கும்.

இரண்டாவது காரணம் நாம் ஏற்றுவது. மியூரியேட் ஒஃப் பொட்டாஷ் என்று மூட்டையில் வருவது பொட்டாசியம் குளோரைட்டு. கடலுப்பின் கூடப்பிறந்தது என்றே சொல்லலாம். இரும்பைத் தின்னும் குளோரைட்டு அதிலும் இருக்கிறது. சல்பேட் ஒஃப் அமோனியா ஈரம்பட்டால் அமிலத்தன்மை கொண்ட கரைசலாகி இரும்பை அரிக்கும். மரக்கறித் தோட்டங்களுக்கு ஏற்றும் கோழி எருவிலிருந்து வரும் அமோனியா சாதாரண எனாமலை மென்மையாக்கும். உருளைக்கிழங்கின் வெளிறல் நோய்க்கும் தேயிலையின் கொப்புள நோய்க்கும் அடிக்கும் செம்பு மருந்து சிந்தினால் இன்னொரு கேடு: கரைந்த செம்பு வெறும் இரும்பின்மேல் படிந்து, அந்த இடத்தில் இரும்பை வேகமாகக் கரைக்கும். கிழிந்த உரமூட்டை ஒன்று டிரெய்லரின் மூலையில் ஓரிரவு கிடந்தால், கடற்கரையில் நிறுத்திவைத்ததுபோலத்தான். உரம் ஏற்றிய அன்றே தண்ணீர் அடித்துக் கழுவுவது எந்தப் பெயின்டையும்விட மலிவான பாதுகாப்பு.

டின்னுக்குள் இருப்பது

நம் கடைகளில் அன்டி கொரோசிவ் என்றாலே செங்கல் நிறத்து டின்னைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அந்தச் சிவப்பு ஒரு பழைய நம்பிக்கையின் மிச்சம். முன்பு இரும்புக்கு அடித்தது ஈயச்செந்தூரம் கலந்த பெயின்ட். ஈயமும் எண்ணெயும் சேர்ந்து துருவை உண்மையாகவே தடுக்கும் சேர்வைகளை உண்டாக்கின. நஞ்சு என்பதால் ஈயம் போயிற்று, நிறம் மட்டும் நின்றது. இன்று அந்த நிறத்தைத் தருவது இரும்பு ஒட்சைட்டு, அதாவது பொடியாக்கிய துருவின் இனத்தைச் சேர்ந்த ஒன்றே. அது கெடுதல் செய்யாது; இடத்தை நிரப்பும், வெயிலைத் தாங்கும். ஆனால் துருவை அது தானாக எதிர்த்து நிற்காது. எதிர்க்கும் சரக்கு வேண்டுமென்றால் டின்னில் சிங்க் பொஸ்பேட் என்று இருக்கிறதா என்று வாசியுங்கள். பெயின்டுக்குள் ஈரம் புகும்போது அது சிறிது சிறிதாகக் கரைந்து, இரும்பின் மேல் கரையாத பொஸ்பேட் படலமாகப் படிகிறது. டெல்லியில் 1,600 வருடங்களாக நிற்கும் இரும்புத் தூணைக் காப்பதிலும், அந்த இரும்பில் மிகுந்திருக்கும் பொஸ்பரசு உண்டாக்கிய பொஸ்பேட் படலத்துக்கு முக்கிய பங்கு உண்டு. சிங்க் குரோமேட் என்ற மஞ்சள் பிரைமர் கிடைத்தால் தொடாதீர்கள். வேலை செய்யும், ஆனால் புற்றுநோய் தரும் குரோமியம் அதில் இருக்கிறது.

"அப்படியென்றால் சிங்க் நிறைந்த பிரைமரே போட்டால் என்ன?" என்பது அடுத்த கேள்வி. நாகத்தூள், அதாவது சிங்க் தூள், உலர்ந்த படலத்தில் 80 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் சாம்பல்நிறப் பிரைமர் அது. நாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். 1824இல் ஹம்ப்ரி டேவி கப்பல்களின் செம்புத் தகட்டைக் காக்க நாகத்தையும் இரும்பையும் பயன்படுத்திக் காட்டிய அதே தத்துவம்தான். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை: நாகத்தூள் இரும்பை நேராகத் தொட வேண்டும். பிளாஸ்டிங் செய்த சுத்தமான, கரடான இரும்பில் அது தொடும். கிரைண்டரில் அரைகுறையாகச் சுத்தம் செய்த, குழிகளில் துரு மிஞ்சிய இரும்பில் தொடாது. அப்போது அது விலைகூடிய வெறும் சாம்பல் பெயின்ட். அதன்மேல் சாதாரண எனாமல் அடித்தால் இன்னும் மோசம். காரணத்தைக் கீழே, நாகம் பூசிய ஜி.ஐ. தகட்டைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன். வீட்டு டிரெய்லருக்கு நான் இதைத் தெரிவு செய்யமாட்டேன்.

மிஞ்சுவது இரண்டு பாதைகள். ஒன்று, சிங்க் பொஸ்பேட் கலந்த இரண்டு டின் எபொக்சி பிரைமர். மற்றது, அதே சரக்குக் கலந்த, எண்ணெய் அடிப்படையிலான சாதாரண ஒரு டின் அல்கைட் பிரைமர், அதன்மேல் எனாமல்.

எபொக்சி இரண்டு பாகங்கள் கலந்தபின் இரசாயன மாற்றத்தால் இறுகுகிறது. தண்ணீரை, உரத்தை, எருவின் அமோனியாவை, டீசலை அல்கைட்டைவிட நன்றாகத் தாங்கும். இரும்பைக் கெட்டியாகப் பிடிக்கும். ஒரு கோட்டே தடிப்பாக நிற்கும். கையால் சுத்தம் செய்த இரும்புக்கென்றே அலுமினியச் செதில் கலந்த எபொக்சி மாஸ்டிக்கும் உண்டு. மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றின் வெளிச்சுவர் வெள்ளிபோல மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அலுமினியப் பெயின்ட் அது. அலுமினியத்தின் மெல்லிய செதில்கள் மீன்செதிலைப் போல ஒன்றின்மேல் ஒன்று படுத்து, ஈரம் நேராக உள்ளே போகாமல் சுற்றிச்சுற்றிப் போகச் செய்கின்றன. டிரெய்லரின் அடிப்புறத்துக்கும் பெட்டியின் உள்ளுக்கும் இந்த மாஸ்டிக்தான் என் முதல் தெரிவு.

எபொக்சியின் குறைகளையும் சொல்ல வேண்டும். வெயிலில் அது சுண்ணாம்புபோல் மாவெடுக்கும். மேலே வேறு கோட் கட்டாயம். கலவை அளவு பிசகக் கூடாது. டின்னில் நாலுக்கு ஒன்று என்றிருந்தால் அளவுக்கோப்பையில் நாலுக்கு ஒன்றேதான். "கொஞ்சம் கூட ஊற்றினால் சீக்கிரம் காயும்" என்று கெட்டியாக்கியைக் கூட்டினால் அது என்றைக்கும் சரியாக இறுகாது. கலந்ததை சில மணித்தியாலங்களில் தீர்த்துவிட வேண்டும். வழக்கமான எபொக்சி 10 பாகை செல்சியஸுக்குக் கீழே ஏறக்குறைய இறுகாமலே நின்றுவிடும். தை, மாசி மாதங்களில் நுவரெலியாவின் இரவுகள் அதற்கும் கீழே போகும். சில விடியல்களில் புல்லில் உறைபனியே இருக்கும். இறுகாத எபொக்சிமேல் பனி விழுந்தால் வெளுத்த, பிசுபிசுப்பான படலம் ஒன்று மேலே வரும். அதைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவாமல் அடுத்த கோட் அடித்தால் அது ஒட்டாது. டின்னில் சொன்ன நாட்களைத் தாண்டிவிட்டால், இறுகிய எபொக்சியை சாண்ட் பேப்பரால் கீறிவிட்டுத்தான் அடுத்த கோட்.

மேலே எனாமலா, பொலியுரேதேனா? இரண்டு டின் பொலியுரேதேனின் பளபளப்பும் வெயில் தாங்கும் பலமும் எனாமலுக்கு வராது. ஆனால் அதன் கெட்டியாக்கியில் இருக்கும் ஐசோசயனேட்டு நுரையீரலைக் கெடுக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் ஆஸ்துமாபோல மூச்சு முட்டும். வெளியிலிருந்து காற்று வரும் முகக்கவசம் இல்லாமல் அதை ஸ்ப்ரே செய்யக் கூடாது. நாமோ மழைக்குப் பயந்து, கதவைச் சாத்திய தகரக் கொட்டிலுக்குள் வைத்து, வாயில் ஒரு துவாயைக் கட்டிக்கொண்டு ஸ்ப்ரே பிடிக்கிறோம். அந்தத் துவாய் எதையும் தடுக்காது. ஒரு டிரெய்லரின் மினுக்கத்துக்காக ஒருவரின் மூச்சைக் கொடுக்க வேண்டாம். வீட்டில் செய்பவர்களுக்கு எபொக்சி பிரைமரின்மேல் பிரஷ்ஷால் அடித்த நல்ல எனாமல் போதும். கீறல் விழுந்தால் நாமே திருத்தலாம் என்பதும் அதன் பலம்.

எதன்மேல் எதை அடிக்கலாம் என்பதில்தான் நிறையப் பேர் காசை இழக்கிறார்கள். எபொக்சியின்மேல் எனாமல் அடிக்கலாம். எனாமலின்மேல் எபொக்சியோ, வாகனப் பட்டறையில் அடிக்கும் என்.சி. பெயின்டோ அடித்தால் அவற்றின் கடும் தின்னர் கீழே இருக்கும் எனாமலைக் கரைத்துத் தூக்கும். முழுத் தகடும் தேரைத்தோல்போலச் சுருங்கும். சந்தேகமிருந்தால் பழைய பெயின்டில் ஒரு சின்ன இடத்தில் தின்னர் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். சுருங்கினால் அது எனாமல், அதன்மேல் எனாமல்தான்.

ஜி.ஐ. தகட்டுக்குத் தனிக் கதை. லயத்துக் கூரையின் புதுத் தகரத்துக்கு எனாமல் அடித்து, இரண்டு மழைக்காலத்தில் அது தோல்தோலாக உரிந்து காற்றில் ஆடியதைப் பார்க்காதவர் நம்மில் யார்? எனாமலில் உள்ள எண்ணெய் அமிலங்கள் ஈரத்தின் துணையோடு நாகத்தோடு சேர்ந்து நாகச் சவர்க்காரமாகின்றன. தகரத்துக்கும் பெயின்டுக்கும் இடையில் வழுக்கும் ஒரு படலம். பிறகு பெயின்ட் எதைப் பிடித்து நிற்கும்? டிரெய்லரின் பக்கத்துக்கு ஜி.ஐ. தகடு போட்டிருந்தால், முதலில் ஜி.ஐ.க்கென்று விற்கும் எட்ச் பிரைமரோ ஜி.ஐ.க்கு ஏற்றது என்று டின்னில் எழுதிய எபொக்சி பிரைமரோ அடித்து, பிறகே எனாமல். ஒரு எச்சரிக்கை: எட்ச் பிரைமரின்மேல் நேராக எபொக்சி அடிக்க வேண்டாம், அதன் அமிலம் எபொக்சியின் இறுக்கத்தைக் கெடுக்கும். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். ஜி.ஐ.யை வெல்டிங் செய்யும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். பூச்சு எரிந்து எழும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தவருக்கு இரவு குளிர்காய்ச்சல் வரும்.

துரு மாற்றி என்று போத்தலில் விற்பது பற்றியும் கேட்பார்கள். அதில் பொஸ்போரிக் அமிலமோ டனினோ இருக்கும். டனினை நமக்குத் தெரியும். தேயிலைச் சாறு பட்ட கவ்வாத்துக் கத்தி கறுப்பது அந்த வகைச் சேர்வையால்தான். மெல்லிய, கெட்டியாக ஒட்டிய துருவை அது கறுப்பான சேர்வையாக மாற்றும். பொருக்குத் துருவின்மேல் ஊற்றினால் மேல்தோல் மட்டும் கறுக்கும், அடியில் துரு துருவாகவே இருக்கும். சுரண்டிய பிறகு குழிகளில் மிஞ்சியதற்கு மட்டும் அதை வையுங்கள்; மிஞ்சிய அமிலத்தைக் கழுவிவிடுங்கள்.

ஒரு லீற்றரின் கணக்கு

ஆறுக்கு நாலடி, ஒன்றரை அடி உயரம் கொண்ட பெட்டியை எடுத்துக்கொள்வோம். அடித்தகட்டின் இரண்டு பக்கமும் 48 சதுர அடி. சுற்றுத் தகடுகள் உள்ளும் வெளியும் 60. சட்டமும் ஏர்க்காலும் சேர்த்து ஒரு 30. ஏறத்தாழ 140 சதுர அடி, அதாவது 13 சதுர மீற்றர். எனாமலில் பாதிக்குக் குறைவானதுதான் உலர்ந்தபின் நிற்கும், மற்றது ஆவியாகிவிடும். லீற்றருக்கு 450 மில்லிலீற்றர் நிற்கிறது என்று வைத்தால், ஒரு லீற்றரை வாங்கி, தின்னர் விட்டு நீட்டி, முழு டிரெய்லருக்கும் இரண்டு கோட் அடித்தவரிடம் கடைசியில் மிஞ்சுவது இரண்டு கோட்டும் சேர்த்து 35 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடி ஒன்றின் தடிப்பில் பாதி. கிரைண்டரின் கீறல்களின் முகடுகள்கூட அதற்குள் முழுதாக மறையாது. நம் ஈரத்துக்கு மொத்தமாக 150 மைக்ரோனுக்குக் குறையாமல் வேண்டும். அல்கைட் பாதையில் அது பிரைமர் இரண்டு, எனாமல் இரண்டு. ஒவ்வொரு கோட்டுக்கும் சேதாரத்தோடு ஒன்றரை லீற்றர். எபொக்சி பாதையில் தடித்த ஒரு கோட்டோ இரண்டு கோட்டோ, மேலே எனாமல் இரண்டு. செலவு கூடத்தான். ஆனால் பாதித் தடிப்புக்குப் பாதி ஆயுள் என்று கணக்கு வராது. அதைவிடக் குறைவாகவே வரும்.

இரண்டு கோட்டுக்கும் இரண்டு நிறம் எடுப்பது நல்ல பழக்கம். சிவப்பின்மேல் சாம்பல் போகும்போது விட்டுப்போன இடம் கண்ணில் படும். பெட்டியின் உள்ளுக்கு வெளிர் சாம்பல் நிறம் எடுங்கள். "அழுக்குத் தெரியாது" என்று மண்ணிறம் அடிப்பவர்களுக்குத் துருவும் தெரியாமல் போகிறது.

கூரான ஓரத்தில் ஈரப் பெயின்ட் நிற்காது. பரப்பிழுவிசை அதை இரண்டு பக்கமும் இழுத்துவிடும். ஓரத்தில் மிஞ்சுவது பெயரளவுக்கு ஒரு பூச்சு. அங்கிள் அயனின் கூர்மையை கிரைண்டரால் 2 மில்லிமீற்றர் அளவுக்கு உருட்டிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு முழுக் கோட்டுக்கும் முன், சின்னப் பிரஷ்ஷால் ஓரம், வெல்டிங் தையல், போல்ட் ஓட்டை, உள்மூலை இவற்றுக்கு மட்டும் தனியாக ஒரு கோட் குத்திக் குத்தி அடியுங்கள். முன்னே போன அந்த லேண்ட்மாஸ்டரின் டிரெய்லரில் துரு வழிந்த இடங்கள் எல்லாம் இவைதான்.

விட்டுவிட்டு வெல்டிங் அடித்த இடுக்குகளில் பெயின்ட் போகாது, தண்ணீர் போகும். முடிந்தால் தையலை முழுதாக இழுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பிரைமருக்குப் பிறகு, எனாமலுக்கு முன், பெயின்ட் ஒட்டும் பொலியுரேதேன் சீலன்ட்டால் இடுக்கை அடையுங்கள். சிலிக்கோன் வேண்டாம், அதன்மேல் பெயின்ட் நிற்காது. பொக்ஸ் பாரின் வாய்களை முழுதாக வெல்டிங் செய்து மூடலாம், அல்லது அடியில் ஓட்டை போட்டுத் தண்ணீர் வடிய விடலாம். அரைகுறையாக மூடியதுதான் உள்ளிருந்து அழுகும். பெட்டியின் நாலு மூலையிலும் விரல் நுழையும் ஓட்டை வையுங்கள். அடித்தகட்டின் உள்பக்கத்தில் மண்வெட்டியும் கல்லும் உரசும் இடத்தில் எந்தப் பெயின்டும் நிலைக்காது. ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டு, வாரம் ஒருமுறை தூக்கிக் காயவிடுங்கள்.

வெயில் இருக்கும் நான்கு மணித்தியாலம்

டின்னில் எழுதியிருக்கும் காயும் நேரம் பெரும்பாலும் 25 பாகைக்கோ 30 பாகைக்கோ சொன்னது. வெப்பம் 10 பாகை குறைந்தால் இறுகும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில்தான். ஆகவே 16 மணித்தியாலம் என்று எழுதியிருந்தால் இங்கே ஒன்றரை நாளாவது விடுங்கள். நாங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மத்தியானம், சாயங்காலம் என்று அடித்ததில் உள்ளே தின்னர் சிறைப்பட்டுவிட்டது.

அதைவிடப் பெரிய சிக்கல் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. இரும்பின் வெப்பம் காற்றின் பனிநிலையைவிடக் குறைந்தது 3 பாகை கூட இருக்க வேண்டும். ஈரப்பதன் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். காலை எட்டு மணி, காற்று 18 பாகை, ஈரப்பதன் 90 சதவீதம் என்றால் பனிநிலை 16 பாகைக்குச் சற்று மேல். இரவுக் குளிரில் கிடந்த இரும்பு 17 பாகையில் இருக்கும். இடைவெளி ஒரு பாகைகூட இல்லை. தின்னர் ஆவியாகும்போது தகடு இன்னும் குளிர்ந்து, ஈரப் பெயின்டின்மேல் தண்ணீர் கோக்கும். அதே நாளில் பதினொரு மணிக்கு 20 பாகை, 70 சதவீதம் என்று வந்தால் பனிநிலை 14 அளவுக்கு இறங்கும், அப்போது அடிக்கலாம். கருவி இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஈரத்துணியால் தகட்டில் ஒரு பட்டை இழுத்துவிட்டு 15 நிமிடம் பாருங்கள். காய்ந்துவிட்டால் அடிக்கலாம், காயாவிட்டால் அன்றைக்குப் பிரஷ்ஷைத் தொடாதீர்கள்.

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியாவுக்கு மாசி, பங்குனி மாதங்களில் காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரை உள்ள நேரம்தான் பொருத்தம். அதற்குப் பிறகு மூட்டம் இறங்கும். ஊவாப் பக்கத்தில், பண்டாரவளை, ஹப்புத்தளை, வெலிமடையில், மேற்கே தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஆனி, ஆடி மாதங்கள்தான் மழையில்லாத வறண்ட காலம். அப்போது கச்சான் காற்றில் தூசி பறக்கும் என்பதால் ஒரு மறைப்புக்குள் வைத்து அடியுங்கள். கிரைண்டர் பிடித்த இரும்பை இரவு விட்டுவைக்க வேண்டாம். மறுநாள் காலை மஞ்சளாகத் துருப்பிடித்திருக்கும். ஒருநாளில் எவ்வளவு சுத்தம் செய்ய முடியுமோ அவ்வளவுக்கு மட்டும் அன்றே பிரைமர் அடியுங்கள்.

பிரைமரோடு நிறுத்திவிட்டு "எனாமலைப் பிறகு பார்ப்போம்" என்று தோட்டத்துக்கு ஓட்டுவது நம்மிடையே சாதாரணம். வழக்கமான அல்கைட் பிரைமரில் தூள் அதிகம், பசை குறைவு; நுண்துளைகள் வழியே தண்ணீர் உள்ளே போய்விடும். பிறகு அதன்மேல் அடிக்கும் எனாமல் அந்த ஈரத்தையும் உப்பையும் உள்ளே வைத்து மூடுகிறது. அடிப்புறத்துக்குக் கழிவு ஒயில் பூசுவதும் வழக்கம். கொஞ்சநாள் துரு பிடிக்காது, உண்மைதான். ஆனால் மரக்கறிப் பாத்தியில் அது சொட்டும், பிறகு என்றைக்கும் அந்த இரும்பில் பெயின்ட் ஒட்டாது. ஒயில் பூச வேண்டுமென்றால் முதலில் பெயின்டை முழுதாக முடித்துவிடுங்கள். பூசுவதும் கழிவு ஒயிலாக இருக்க வேண்டாம்.

எல்லாம் காய்ந்ததும் பின்பலகையின் இரண்டு ஓரத்திலும் சிவப்பு ஒளித்திருப்பி ஸ்டிக்கர் ஒட்டுங்கள். மூட்டத்தில் விளக்கில்லாமல் போகும் டிரெய்லரில் பின்னால் வருபவருக்குத் தெரிவது அது ஒன்றுதான்.

எங்கள் டிரெய்லரை அடுத்த மாசியில் மூன்று நாளாக ஃபிளாப் டிஸ்க்கால் தேய்த்து, எபொக்சியும் எனாமலும் மறுபடி அடித்தோம். இப்போது ஒவ்வொரு சித்திரைப் புதுவருடத்துக்கும் பிறகு, பெருமழை தொடங்குமுன், மச்சான் ஒரு டோர்ச்சோடு அடியில் படுத்து ஓரங்களைப் பார்க்கிறார். கல் பட்டுப் பெயின்ட் போன இடத்தில் பளபளக்கும் வரை தேய்த்து, சுற்றிலும் ஒரு அங்குலம் நல்ல பெயின்டையும் கீறிவிட்டு, பிரைமர் தொட்டுவைத்து, மறுநாள் எனாமல். அதற்கென்று மிச்சமான எனாமலை ஒரு சின்ன ஜாம் போத்தலில் விளிம்பு வரை நிரப்பி மூடி வைத்திருக்கிறோம். பாதிப் போத்தலாக வைத்தால் உள்ளிருக்கும் காற்றிலேயே மேலே ஆடை கட்டிவிடும்.